கால் பிடித்தவர்

பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கியபோது தாமரைச்செல்வியின் வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு நாலடி வைத்தாள். மறுபடியும் கழன்றது. வார் தளர்ந்திருக்கும் என்று குனிந்து பார்த்தாள். வார் இறுக்கமாகத்தான் இருந்தது. கால்தான் செருப்பைப் பிடிக்கவில்லை.

ஐப்பசி அடைமழைக் காலம். சில நாட்களுக்கு முன்னால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து போயிருந்தன. அந்தச் சோர்வுதான் என்று நினைத்துக்கொண்டு எல்கேஜி வகுப்புக்குள் போனாள். பிள்ளைகளோடு பிள்ளையாகக் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். மணி அடித்தபோது எழ முடியவில்லை. கையை ஊன்றி எழுந்தாள், பொத்தென்று உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள், உட்கார்ந்தாள். டீச்சர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

கோட்டுச்சேரிப் பள்ளியிலிருந்து அவளை ஆட்டோவில் நெடுங்காட்டு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் புருஷன் மாறன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தான். மறுநாள் காலை இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. புதுச்சேரிக்கு ஆம்புலன்சில் போகும்போது கையும் விழுந்துவிட்டது. அங்கே போய்ச் சேர்ந்ததும் மூச்சு திணறியது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். கண் மூட முடியாமல், வாய் திறக்க முடியாமல், எல்லாம் காதில் விழுந்தபடி அவள் கிடந்தாள். கார்த்திகையும் மார்கழியும் அப்படியே போயின.

"என்னா பேரு சொன்னாரு டாக்டரு?" என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் மாறனிடம் கேட்டார் அவன் அப்பா இளையபெருமாள்.

"கீயான் பாரேன்னு சொல்றாங்கப்பா. கண்டுபுடிச்ச பிரெஞ்சுக்காரங்க பேராம்."

"அவன் காரைக்கால வுட்டுப் போயி எம்மாங்காலம் ஆச்சு. வியாதிக்கி மட்டும் பேர வுட்டுட்டுப் போயிருக்கானே." பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மாறனுக்குத் தெரியவில்லை.

நரம்பின் மேலுறையை உடம்பே எதிரியென்று நினைத்துத் தின்றுவிட்டது, அது திரும்ப வளரும், ஆனால் மெதுவாக வளரும் என்றார் டாக்டர். வளர்கிறவரைக்கும் கையும் காலும் மடங்கிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டார் பொறுப்பு என்றும் சொல்லி அனுப்பினார்.

தை பிறந்து, வயலில் அறுவடை இயந்திரங்கள் இறங்கிய வாரத்தில் தாமரை வீடு வந்து சேர்ந்தாள். கொல்லையைப் பார்த்த அறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். மூச்சு சொந்த மூச்சாகிவிட்டது. பேச்சு வந்திருந்தது, காற்று கலந்த மெல்லிய பேச்சு. கழுத்துக்குக் கீழே இடது கை விரல்கள் மட்டும் லேசாக அசைந்தன. முகம் இழுத்துக் கட்டிய துணி மாதிரி அசைவில்லாமல் இருந்தது. சிரிக்க நினைத்தால் சிரிப்பு உள்ளேயே நின்றுவிடும்.

அவளுடைய ஒன்றரை வயது மகள் அறிவுமதியை மாறன் தூக்கிவந்து கட்டிலில் விட்டான். குழந்தை அம்மா முகத்தையே பார்த்தது. அந்த முகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு, பக்கத்தில் நின்ற தாத்தா கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"தூக்கத்துல இருக்குது, அதான்" என்று மகனிடம் சொன்னார் இளையபெருமாள். குழந்தை தூங்கி எழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

தாமரையின் அம்மா கூடவே இருந்து எல்லாம் செய்தாள். மாசியில் இளைய மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியதும் மாயவரத்துக்குப் போகவேண்டி வந்தது. அழுதுகொண்டேதான் போனாள். குளிப்பாட்டவும் துணி மாற்றவும் காலையும் மாலையும் வந்து போக ஒரு அம்மாளை ஏற்பாடு செய்தான் மாறன். அவனுக்கு ஷிப்டு வேலை. மாறனின் அம்மா இறந்து வருஷங்கள் ஆகிவிட்ட வீடு அது. பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர் இளையபெருமாள் ஒருவர்தான்.

அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. சோற்றை வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். வேண்டியதை அவர் பேத்தியிடம் சொல்வதுபோலச் சொல்வார். "அம்மாகிட்ட மோரு இருக்கான்னு கேளு" என்பார், பேசத் தெரியாத குழந்தையிடம். மரியாதை என்பது அவருக்கு அந்த அளவு தூரத்தில் நிற்பதுதான்.

காரைக்காலிலிருந்து வாரம் இருமுறை ஸ்கூட்டரில் வந்த பிசியோதெரபி பெண் ஷஃபீனா இது எதையும் அறியாதவள். தாமரையின் அம்மா ஊருக்குப் போனதைக் கேட்டதும் கூடத்துக்கு வந்தாள்.

"அய்யா, செத்த உள்ள வாங்க. கணுக்கால எப்படி மடக்கணும்னு காட்றேன். நான் வராத நாள்ல நீங்கதான் செய்யணும்."

இளையபெருமாள் எழுந்து நின்றார். "நானா?"

"வேற யாரு இருக்கா அய்யா? காலையில, மத்தியானம், சாயங்காலம், மூணு வேளையும் செய்யணும். வுட்டா குதிகால் தசைநாரு சுருங்கிப் போயிரும். அப்பறம் நரம்பு வளந்து வந்தாலும் பாதம் தரையில பதியாது."

"மாறன் வந்து..."

"அவரு ஒரு வேள செய்யட்டும். மத்த வேளைக்கி?"

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அறுத்த நெல்தாளுக்கு நடுவே உளுந்து பூவெடுத்திருந்தது. மண்வெட்டிக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. வரப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு வெயில் ஏறியதும் திரும்பினார். கொல்லையில் கைகால் கழுவினார். சோப்புப் போட்டு இன்னொரு முறை கையைக் கழுவினார். அறை வாசலில் வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் முறையாக நேராக அவளிடம் பேசினார்.

"தாயி. ஒன்னய ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க மாமா."

"அந்தப் புள்ள சொல்லிட்டுப் போனது ஒனக்கும் கேட்டிருக்கும். எனக்குப் பொம்பளப் புள்ள கெடையாது. இருந்திருந்தா செஞ்சிருப்பேன். நீ சரின்னு சொன்னா செய்யறேன். சங்கடமா இருந்தா வேணாம், வேற ஏற்பாடு பாப்போம்."

தாமரை மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கண்ணீர் நெற்றிப்பொட்டு வழியாக இறங்கிக் காதுக்குள் போயிற்று. துடைக்கக் கை இல்லை. அவர் கொஞ்சம் தயங்கி, தோளில் கிடந்த துண்டின் முனையால் அவள் காதை ஒற்றி எடுத்தார்.

"செய்யிங்க மாமா" என்றாள்.

கால்மாட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தினார். ஷஃபீனா எப்படிச் செய்வாள் என்று தாமரை சொன்னபடி பாதத்தைத் தன் முன்கையால் மெதுவாக மேலே தள்ளினார். முகத்தைச் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். அவளும் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கொல்லையில் மாடு தலையாட்டும் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது.

"வலிக்கிதா?"

"இழுக்குது மாமா."

"இழுக்கட்டும். இழுக்குதுன்னா உசுரு இருக்குன்னு அர்த்தம்."

பேசாமல் செய்வது இன்னும் சங்கடமாக இருந்ததால் அவர் பேச ஆரம்பித்தார். உளுந்தில் காய் பிடித்ததை, மேலத்தெருவில் கன்று போட்ட பசுவை, கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் எடையில் ஏமாற்றப் பார்த்ததைச் சொன்னார். எல்லாம் காலண்டரைப் பார்த்துத்தான். தாமரை முதலில் "ம்" கொட்டினாள். பிறகு கேள்வி கேட்டாள். பருத்தி போடப் போறீங்களா மாமா, போன வருஷம் பூச்சி அடிச்சிட்டே என்பாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டிக்கொண்டே பதில் சொல்வார்.

சமையலும் அவரிடம் வந்து சேர்ந்தது. அவளால் மெல்ல முடியாது. சோற்றைக் குழைய வடித்து, மிளகு ரசத்தில் பிசைந்து வைப்பார். கரண்டி கரண்டியாக ஊட்டுவான் மாறன்; அவன் இல்லாதபோது குளிப்பாட்ட வரும் அம்மாள். ஒருநாள் மீன்காரம்மா பால்சுறா கொண்டுவந்தாள். புட்டு செய்யலாம் என்று வாங்கிவிட்டாரே தவிர எப்படிச் செய்வதென்று தெரியவில்லை. படுக்கையிலிருந்தபடி தாமரை சொல்லச் சொல்ல அவர் அடுப்படிக்கும் அறைக்கும் நடந்தார்.

"வேவ வச்சி தோல உரிச்சிட்டீங்களா மாமா?"

"உரிச்சிட்டேன்."

"நல்லா உதிர்த்து, மஞ்சத்தூள் போட்டுப் பெசறுங்க. பூண்டு நெறைய போடணும்."

"நெறையன்னா?"

"உரிக்க உரிக்க அலுத்துப் போவுதுல்ல, அவ்வளவு."

புட்டு கொஞ்சம் அடிப்பிடித்துப் போயிற்று. மாறன் வேலை முடிந்து வந்து தின்றுவிட்டு, "அம்மா செய்யிற மாரியே இருக்கு" என்றான். "ஒங்கம்மா தீய வுட்டதே கெடையாது" என்று சொல்லிவிட்டு இளையபெருமாள் எழுந்து போனார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

பங்குனி வெயிலில் உளுந்து பறித்துக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் பங்கஜவல்லி வந்தாள். இளையபெருமாளின் தங்கை, கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கொல்லையில் நின்று மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது.

"அண்ணே, ஊர்ல என்னா பேசிக்கிறாங்க தெரியுமா?"

"என்னா?"

"இளையபெருமாளு மருமவ காலப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காருன்னு சிரிக்கிறாளுவ. எனக்குத் தலய வெளில நீட்ட முடியல. ஒரு வயசுப் பொண்ணு. மாமனாரு அந்தாண்ட தள்ளி நிக்கிறதுதானே மொற?"

இளையபெருமாள் உளுந்தங்கொடியைத் தட்டுவதை நிறுத்தவில்லை. தாமரை கேட்டுக்கொண்டிருந்தாள். காதைப் பொத்திக்கொள்ளவும் அவளால் ஆகாது.

அன்று மாலை அவர் முக்காலியைப் போட்டதும் "வேணாம் மாமா" என்றாள்.

"ஏன் தாயி, வலியா?"

"வேணாம். ஒங்க புள்ள வந்து செய்யட்டும்."

அவருக்குப் புரிந்தது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மறுநாளும் அவள் வேண்டாம் என்றாள். மாறனுக்கு அந்த வாரம் இரட்டை ஷிப்டு. வந்து உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

ஷஃபீனா வந்து பாதத்தை மடக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. "யாரு வுட்டது? இறுகிப் போச்சே. எவ்வளவு நல்லா வந்துச்சு தாமரை?"

தாமரை விஷயத்தைச் சொன்னாள். "என்னால அவருக்குக் கெட்ட பேரு வேணாங்க. எனக்குக் கால் வராட்டிப் போவுது. அவரு தெருவுல தலநிமிந்து நடந்தவரு."

ஷஃபீனா காலைக் கையிலிருந்து விடவில்லை. "பேசுறவங்க வந்து உங்க புள்ளயத் தூக்கப் போறதில்ல. அல்லா நரம்பக் குடுத்துருவான் தாமரை, எனக்கு நம்பிக்க இருக்கு. அது வரும்போது நடக்குறதுக்கு ஒரு பாதம் இருக்கணும்ல?"

கூடத்தில் இருந்த இளையபெருமாளுக்கு எல்லாம் கேட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கீழத்தெருவுக்குப் போனார். பங்கஜவல்லி வடாம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"கையக் கழுவிட்டு வா."

"எங்கண்ணே?"

"மொற தெரிஞ்சவ நீதானே. நான் புடிக்கக் கூடாது. சரி, நீ வந்து புடி. அந்தப் புள்ள காலு இறுகிக்கிட்டே போவுது."

பங்கஜவல்லி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அறைக்குள் வந்து போர்வையை விலக்கினாள். காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் தூர நின்று பார்த்துவிட்டுப் போனவள், இத்தனை மாதத்தில் இப்போதுதான் அந்தக் காலைத் தொட்டாள். அது கையில் கனக்கவே இல்லை. ஆடுசதை இருந்த இடத்தில் தோல் தொங்கியது. உச்சிவெயில் நேரத்திலும் பாதம் சில்லென்று இருந்தது.

"அடி ஆத்தி" என்றாள். "சதையே இல்லியேடி. கலியாணத்தன்னிக்கி இந்தக் காலுலதானே நான் மெட்டி பாத்தேன்."

அவள் தள்ளிப் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பியது. தாமரை வலியில் முனகினாள். "அய்யோ, எனக்குத் தெரியலியே" என்று பங்கஜவல்லி கையை எடுத்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"அண்ணே, இஞ்ச வா. நீயே புடி. எவ என்னா சொல்றாளோ எங்கிட்ட வந்து சொல்லட்டும்." பிறகு தாமரையின் தலையைத் தொட்டாள். ஆஸ்பத்திரித் தலையணையில் கிடந்து கிடந்து முடி பின்னால் திரி திரியாகச் சிக்குப் பிடித்திருந்தது. "இதப் பாரேன், கண்ராவி. வெட்டத்தான் போறாளுவன்னு நெனச்சியா? நான் எடுக்கறேன்."

அன்றிலிருந்து பங்கஜவல்லி தினமும் வந்தாள். தேங்காயெண்ணெய் தேய்த்து, சிக்கெடுக்கும் மரக்கோல் கொண்டு முடியை இழை இழையாகப் பிரித்தாள். ஒரு பக்கம் சிக்கெடுக்கும் அத்தை, கால்மாட்டில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு பாதம் தள்ளும் மாமனார். ஊர்ப்பேச்சு முழுவதும் அந்த அறையில் வந்து சேர்ந்தது. சிக்கு முழுக்கப் போன அன்று சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணி காட்டி, பின்னிவிட்டாள். கனகாம்பரம் வைத்துக் கண்ணாடியைக் காட்டினாள். தாமரை வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்த முகம் இன்னும் சிரிக்கவில்லை.

முகத்துக்கும் பயிற்சி இருந்தது. கன்னத்தை உப்ப வேண்டும், உதட்டைக் குவித்து ஊத வேண்டும், பல் தெரியக் காட்ட வேண்டும். இதைத் தாமரை ஒருத்தியாகத்தான் செய்தாள். யாராவது பார்த்தால் வெட்கமாக இருந்தது. சித்திரையில் ஒரு மத்தியானம், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். தாத்தா பருத்தி வயலுக்குப் போயிருந்தார். குழந்தை தரையில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அது அறைக்குள் வரும், போகும். கட்டிலுக்குக் கிட்டே மட்டும் வராது.

தாமரை கன்னத்தை உப்பினாள். இடப்பக்கம் காற்று நின்றது. வலப்பக்கம் புர்ரென்று ஒழுகியது.

அறிவுமதி நிமிர்ந்து பார்த்தது.

தாமரை இன்னொரு முறை ஊதினாள். புர்ர். குழந்தை தன் கன்னத்தை உப்பி எச்சில் தெறிக்க "புர்ர்" என்றது. தாமரைக்குள் என்னவோ உடைந்தது. இடப்பக்க உதடு மேலே போயிற்று. வலப்பக்கம் நடுங்கி, கொஞ்சம் தாமதித்து, அதுவும் போயிற்று. கோணல் சிரிப்புதான். குழந்தை எழுந்து வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா முகத்தை அண்ணாந்து பார்த்து, "ம்மா, புர்ர்" என்றது. ஏறி மடியில் உட்கார்ந்தது. அணைத்துக்கொள்ளத் தாமரையின் கைகளுக்கு இன்னும் பலம் வரவில்லை. முகவாயை அதன் தலையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வயலிலிருந்து வந்த இளையபெருமாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டு, சத்தம் போடாமல் கொல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். மாட்டுக்கொட்டகையில் நின்று மாட்டிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு வேலை வேகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. நரம்பு தன் இஷ்டத்துக்குத்தான் வந்தது. தொடை முதலில் வந்தது, முழங்கால் அப்புறம். பாதம் கடைசிவரைக்கும் தொங்கியது. ராத்திரியெல்லாம் கால் எரிகிறது என்று அழுதவளின் பாதங்களை மாறன் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொடுத்தான். ஒருநாள், "இப்படியே இருந்துட்டா என்னாங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"இப்பிடியே தேச்சிக்கிட்டிருப்பேன்" என்றான் அவன்.

ஷஃபீனா சொன்ன அளவுக்கு இளையபெருமாள் மூங்கில் வெட்டிக் கொல்லையில் கால் நட்டு, இருபுறமும் கைப்பிடி கட்டினார். கையில் சிலாம்பு ஏறாமல் இருக்க மூங்கிலைக் கண்ணாடித் துண்டால் வழித்து, எண்ணெய் தடவி, வெயிலில் காய வைத்திருந்தார். பாதம் தொங்காமல் இருக்க பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் செய்து கொண்டுவந்தாள் ஷஃபீனா. அதை மாட்டி, இடுப்பில் கட்டிய பெல்ட்டை ஷஃபீனா பிடித்துக்கொள்ள, தாமரை நின்றாள். கால்கள் வெடவெடவென்று ஆடின. அறிவுமதி கைப்பிடிக்குக் கீழே புகுந்து புகுந்து ஓடியது. பங்கஜவல்லி சாமி பேரெல்லாம் சொன்னாள். இளையபெருமாள் மட்டும் வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். விழுந்துவிடுவாளோ என்று பார்க்கவே பயமாக இருந்தது அவருக்கு.

வைகாசியில் வாக்கர் பிடித்துக் கூடம் வரைக்கும் வந்தாள். தானே சாப்பிட்டாள். இடது கையால், பாதி கீழே சிந்தி. குளிக்கப் போனாள். கணுக்கால் வேலையையும் அவளே துணிப்பட்டை ஒன்றை வைத்து இழுத்துச் செய்யக் கற்றுக்கொடுத்தாள் ஷஃபீனா. முக்காலி கொல்லைக்குப் போய்விட்டது. இளையபெருமாள் பழையபடி கூடத்தில் உட்கார்ந்து, "அம்மாகிட்ட மோரு இருக்கான்னு கேளு" என்று பேத்தியிடம் சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்ட தாமரைக்கு என்னவோ போலிருந்தது.

"ஏன் மாமா, எங்கிட்ட கேக்க மாட்டீங்களா?" என்றாள் உள்ளேயிருந்து.

அவர் கொஞ்சம் யோசித்தார். "மோரு இருக்கா தாயி?"

"இருக்கு மாமா. வந்து எடுத்துக்குங்க. எனக்கு இன்னும் சொம்பு தூக்க வரல."

அவர் போய் எடுத்துக்கொண்டார். அவளுக்கும் ஒரு தம்ளர் ஊற்றி வைத்தார்.

ஆனி முடிந்து ஆடி பிறந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் மேற்கே உள்ள ஊர்களுக்கெல்லாம் வந்துவிட்டது என்றார்கள். நெடுங்காட்டு வாய்க்காலில் மட்டும் கோரைப்புல்தான் நின்றது. தினமும் காலையில் இளையபெருமாள் மதகு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அன்று பங்கஜவல்லி அறிவுமதியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். மாறன் வேலையில். தாமரை கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். வாக்கர் எட்டாத தூரத்தில் சுவரோரம் நின்றது. வெளியே ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. அந்த வயதில் இளையபெருமாள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"தாயி, தண்ணி வந்துட்டு!" முழங்கால் வரைக்கும் சேறும் சருகுமாக வாசற்படி ஏறினார். "செத்தையெல்லாம் தள்ளிக்கிட்டு, நொரையும் நுங்குமா, கண்டங்கலங்கலா வருது. நம்ம மதகுல நண்டெல்லாம்..."

அப்படியே நிறுத்தினார்.

தாமரை நின்றுகொண்டிருந்தாள். மாமனார் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிற வழக்கத்தில், யோசிக்காமல் எழுந்திருந்தாள். மடியிலிருந்த கத்தரிக்காய்கள் தரையில் உருண்டன. பிடிமானம் ஒன்றும் இல்லை. கால் நடுங்கியது. ஆனால் இரண்டு பாதமும், குதிகாலும் விரலுமாக, தரையில் முழுக்கப் பதிந்திருந்தன. இளையபெருமாள் காலண்டர் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பாதங்களைத்தான் பார்த்தார்.

தானும் அப்போதுதான் தெரிந்துகொண்டவள் போலத் தாமரை கீழே பார்த்தாள்.

"உக்காரு தாயி" என்றார். பிடிக்க ஒரு எட்டு முன்னால் வந்தவர், சேற்றுக் கையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். "எனக்கு எதுக்கும்மா எந்திரிக்கற? உக்காரு."

"ஒங்களுக்காவ இல்ல மாமா" என்றாள் தாமரை. அவள் வாய் கோணிக்கொண்டு சிரித்தது. "தண்ணி எப்படி வருதுன்னு சொல்லுங்க. நான் செத்த நின்னுக்கிட்டே கேக்கறேன்."